மேலண்டைச் சுவரில் பூசணம்

எட்டாம் வகுப்புக்குப் பூஞ்சைகள் பாடம் நடத்தும்போது பிள்ளைகளிடம் ஒரு ரொட்டித் துண்டை ஈரத்துணியில் சுற்றி வைக்கச் சொல்வேன். நாலைந்து நாளில் அது பச்சையும் கறுப்புமாகப் பூத்துவிடும். ஈரம், இருட்டு, கொஞ்சம் உணவு இருந்தால் போதும், பூசணம் எங்கும் வரும், அதற்கு ஆள் தெரியாது, இடம் தெரியாது என்று சொல்லிப் பாடத்தை முடிப்பேன். அந்தக் கடைசி வாக்கியத்தை இப்போதெல்லாம் சொல்வதில்லை. எங்கள் வீட்டுப் பூசணத்துக்கு இடம் தெரிந்திருந்தது.

எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கம். நான் அங்கே ஒரு பள்ளியில் டீச்சர். வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார், மகள் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் இருந்தது என் மாமனார், மாமியார், நான். மாமா, அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கொல்லைக் கதவைத் திறந்தால் வயல்தான். அந்தப் பக்கத்தில், வீட்டோடு ஒட்டி, மாமா தானே நின்று கட்டிய குளியலறை இருக்கிறது. மேற்கே வயலைப் பார்த்த அதன் மேலண்டைச் சுவருக்கு வெளியே ஒரு வரப்பு, வரப்பைத் தாண்டினால் எங்கள் நெல். டைல்ஸ் போட்டுவிடலாம் என்று என் வீட்டுக்காரர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். டைல்ஸ் வழுக்கும், இந்த வயதில் விழுந்து சாகச் சொல்கிறாயா என்று மாமா ஒரேயடியாக மறுத்துவிட்டார். தரை சொரசொரப்பான சிமெண்ட், சுவருக்கு வெறும் பெயிண்ட்.

மாமா ரோஷக்காரர். தோளில் துண்டில்லாமல் வாசலுக்கு வரமாட்டார். வயலில் இறங்கி சேற்றோடு சேறாக நிற்பார், ஆனால் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் குளித்து, வேட்டி மாற்றி, விபூதி பூசிய பிறகுதான் அடுத்த ஆள் கண்ணில் படுவார். ஈர வேட்டியோடு அவரை ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. குளிக்கும்போது அத்தையைக் கூப்பிடுவார், அத்தை போய் முதுகு தேய்த்துவிடுவார். அந்தக் குரல் மட்டும் தினமும் கேட்கும்.

அவர் இறந்தது ஒரு புரட்டாசியில். நான் வீட்டில் இல்லை. சீர்காழியில் என் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு என்று போயிருந்தேன். போன் வந்து, கார் பிடித்து, ஊர் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. கூடத்தை ஒட்டிய அறையில், அவருடைய கட்டிலிலேயே கிடத்தியிருந்தார்கள். மடிப்புக் கலையாத வேட்டி, நெற்றியில் விபூதி, தோளில் துண்டு. வயலிலிருந்து வந்து படுத்தவர் அப்படியே போய்விட்டார், கொடுத்து வைத்த சாவு என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் சொன்னார்கள். தலைமாட்டில் உட்கார்ந்து, சாய்ந்திருந்த தலையை நேராக வைக்கக் கையை அடியில் கொடுத்தேன். பின்தலை முடி ஈரமாக இருந்தது. அவரை இன்னும் குளிப்பாட்டவில்லை. அத்தையின் புடவையும் இடுப்பு வரை நனைந்திருந்தது. சாயங்காலம் பெய்த மழையில், வாசலில் காய்ந்த குறுவை நெல்லை மூடப்போய் நனைந்தார் என்றார்கள். இழவு வீட்டில் யார் இதையெல்லாம் குடைந்து கேட்பார்கள்? நானும் அழுதுகொண்டிருந்தேன்.

மறுநாள் ஜோசியர் வந்து பஞ்சாங்கத்தைப் பார்த்தார். சதய நட்சத்திரம், அடைப்பு இருக்கிறது என்றார். எங்கள் பக்கத்தில் சில நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால், உயிர் போன இடத்தை அடைத்து வைக்க வேண்டும். போனவர் உடனே போய்விட மாட்டார், அந்த இடத்தையே சுற்றிக்கொண்டிருப்பார் என்று நம்பிக்கை. சதயத்துக்கு ஆறு மாதம். இடத்தைப் பூட்டி, தினமும் சாயங்காலம் அதன் வாசற்படியில் விளக்கேற்றி, ஒரு செம்பில் தண்ணீர் வைக்க வேண்டும். கெடு முடிந்ததும் பூஜை செய்து திறந்தால் அவர் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். உயிர் எந்த இடத்தில் போயிற்று என்று ஜோசியர் கேட்டார். அத்தை தரையைப் பார்த்தபடியே, ரூமில்தான் என்றார். அறையைப் பூட்டினோம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அத்தை குளியலறைக்குள் போவதை நிறுத்திவிட்டார். விடிவதற்கு முன்பே எழுந்து, கொல்லையில் மோட்டார் தொட்டியடியில், திறந்தவெளியில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வருவார். துக்கத்தில் இருக்கிறார், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று விட்டேன். ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. அப்போதும் தொட்டியடிதான். மார்கழியில் இளைப்பு வந்துவிட்டது. மூச்சு உள்ளே போகவும் மாட்டாமல் வெளியே வரவும் மாட்டாமல் நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இன்னொரு மழைக்காலம் இப்படிக் குளித்தால் இவருக்குத் தாங்காது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். ஏதோ நான்தான் கொண்டுபோய்த் தொட்டியடியில் நிறுத்தியது போல.

ஏன் உள்ளே குளிக்க மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டால் அத்தைக்கு ஒரே பதில்தான். "உள்ள ஒரு வாடை அடிக்குதும்மா."

வாடை அடித்தது உண்மை. அந்த ஐப்பசியில், மழை பிடித்த ஒரு வாரத்தில், மேலண்டைச் சுவரில் பூசணம் பூத்திருந்தது. வெளியே வயலில் சம்பாவுக்குத் தண்ணீர் கட்டி நின்றது. இந்தப் பக்கத்து மழைக்காலத்தில் உப்பு நீர்த்துவிடும், தீப்பெட்டி நமத்துப்போகும், துவைத்த துணி கொடியிலேயே நாறும். சுவரில் பூசணம் வருவது ஒரு பெரிய அதிசயம் இல்லை. ஆனால் மற்ற மூன்று சுவர்களில் ஒரு புள்ளி கூட இல்லை. அதே சுவரில் குழாய்க்கு அடியில், எந்நேரமும் தண்ணீர் தெறிக்கிற இடத்திலும் இல்லை. குழாயைவிட்டுத் தள்ளி, ஓரளவு காய்ந்தே இருக்கும் இடத்தில், தரையை ஒட்டித் தொடங்கி என் இடுப்பு உயரம் வரை கரும்பச்சையாக ஏறியிருந்தது. மேலே அகலம், கீழே குறுகல். ஒரு முறத்தைச் சுவரோடு நிமிர்த்தி வைத்தது போல இருந்தது. வாடையும் வழக்கமான பூசண வாடை இல்லை. ஈர வேட்டியைச் சுருட்டி வைத்துவிட்டு மறந்துபோனால் வருமே, அது.

நான் கோபக்காரி. பள்ளியில் என் தலை தெரிந்தாலே வகுப்பு அடங்கிவிடும். ஒரு சுவர் எனக்கு அடங்காமல் இருப்பதா? என் கணக்கு எளிமையானது. பூசணம் போனால் வாடை போகும், வாடை போனால் அத்தை உள்ளே வந்து வெந்நீரில் குளிப்பார், மூச்சு தப்பிக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து அத்தையை அழைத்து வந்த அந்த வாரமே, பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். தேய்த்தால் போகும். பளிச்சென்று போகும். மறுபடி ஈரம் ஏறினதும் அதே இடத்தில், அதே அளவில் வந்து நிற்கும். கொஞ்சம் இடம் மாறியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

பங்குனியில் கெடு முடிந்து, பூட்டிய அறையைப் பூஜை போட்டுத் திறந்தார்கள். நான் அத்தைக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே கட்டில், மடித்து வைத்த போர்வை, மாமாவின் மூக்குக் கண்ணாடி, எல்லாவற்றின் மேலும் மெல்லிய தூசி. ஆறு மாதத்தில் ஒரு சிலந்தி கூட அங்கே குடிவரவில்லை. யாருமே இல்லாத அறை என்பது பார்த்த உடனே தெரிந்தது. எல்லோருக்கும் ஒரு நிம்மதி வந்தது. அத்தை முகத்தில் மட்டும் அது வரவில்லை. அவர் அறையைப் பார்க்கவே இல்லை, திரும்பிக் கொல்லைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோடையில் சுவர் காய்ந்தது. பூசணம் உதிர்ந்து, வெறும் நிழல் மாதிரி ஒரு கறை மிச்சம் இருந்தது. கொத்தனாரைக் கூட்டி வந்து காட்டினேன். வயல் தண்ணீர் அடியில் ஊறி வருகிறது, சுவர் ஓதம் காக்கிறது என்றார். அப்படியானால் சுவர் முழுக்க அல்லவா காக்க வேண்டும் என்று கேட்டேன். அதற்கு அவர் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். டைல்ஸ் ஒட்டிவிட்டால் தொல்லை விட்டது என்று நினைத்தேன். அவங்க வேண்டாம் என்று சொன்னதைப் போடக்கூடாது என்று அத்தை தடுத்துவிட்டார். கடைசியில் ஓதம் தாங்கும் என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறையாகக் கொடுத்த ப்ரைமரும் பெயிண்டும் வாங்கி இரண்டு பூச்சு அடித்தேன். எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தேன். இனிமேல் எப்படி வருகிறது என்று பார்த்துவிடுகிறேன் என்று வீட்டுக்காரரிடம் போனில் சவால் விட்டேன். அவர் சிரித்தார்.

அடுத்த ஐப்பசியில் மழை தொடங்கியதும் வந்துவிட்டது. புதுப் பெயிண்டைக் கொப்புளம் கொப்புளமாகத் தள்ளிக்கொண்டு, அதே அகலம், அதே குறுகல். அன்று காலையில் அத்தை தொட்டியடியிலிருந்து இருமிக்கொண்டே வந்திருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கம்பி பிரஷை எடுத்துக்கொண்டு உள்ளே போய், பெயிண்டோடும் பூச்சோடும் சேர்த்துச் சுரண்ட ஆரம்பித்தேன். வாய்க்கு வந்தபடி சுவரைத் திட்டினேன். காரை பொலபொலவென்று கொட்டியது.

அத்தை வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் படியை மிதிக்காதவர், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்புடிச் சுரண்டாதம்மா. மெதுவா தேயி."

சுவருக்கு வலிக்கவா போகிறது என்று எரிந்து விழுந்தேன்.

"அங்கதாம்மா சாஞ்சு உக்காந்திருந்தாங்க."

என் கை நின்றுவிட்டது. பின்னால் நகர்ந்து சுவரைப் பார்த்தேன். இத்தனை நாளும் நான் முறம் என்று நினைத்துக்கொண்டிருந்தது முறம் இல்லை. தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்த ஒரு ஆளின் முதுகு. மேலே தோள், கீழே இடுப்பு. அதில் பாதியை நான் கம்பியால் கிழித்து வைத்திருந்தேன்.

அத்தையை அடுப்படிக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தேன். அவர் சொல்லத் தொடங்கினார். அன்று சாயங்காலம் வானம் கறுத்துக்கொண்டு வந்திருக்கிறது. வாசல் முழுக்க நெல் காய்கிறது. மாமா குளிக்கப் போய், வழக்கம் போல முதுகு தேய்க்கக் கூப்பிட்டிருக்கிறார். அத்தை இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு நெல்லைக் குவித்துத் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்திருக்கிறார். மாமா மறுபடி கூப்பிட்டிருக்கிறார். வருகிறேன் வருகிறேன் என்று இவர். பிறகு குரல் நின்றுவிட்டது. அப்பாடா, தானே தேய்த்துக்கொண்டார் போலிருக்கிறது என்று நினைத்தாராம். அதைச் சொல்லும்போதுதான் அத்தைக்கு அழுகை வந்தது.

மழையில் நனைந்து உள்ளே போனபோது பக்கெட் நிரம்பி வழிந்துகொண்டிருந்திருக்கிறது. மாமா சுவரில் சாய்ந்து, கையில் முதுகு தேய்க்கும் பீர்க்கங்கூட்டோடு உட்கார்ந்திருக்கிறார். வழுக்கி விழவில்லை. நெஞ்சு நின்றிருக்கிறது. அவர் இருந்த கோலத்தை அத்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தெருவே வந்து அந்தக் கோலத்தில் அவரைப் பார்க்கும் என்பதுதான் அத்தைக்கு முதலில் தோன்றியிருக்கிறது. ஒரு சாக்கை விரித்து, அதில் அவரைச் சாய்த்து, கூடம் வழியாக அறை வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். நெல் மூட்டைகளை இழுத்துப் பழகிய கை. கட்டிலில் எப்படித் தூக்கிப் போட்டார் என்பது அவருக்கே தெரியவில்லை. துடைத்து, வேட்டி கட்டி, விபூதி பூசி, கூடத்து ஈரத்தைத் துடைத்து, சாக்கை எடுத்துக் கொல்லையில் போட்டு, எல்லாம் ஆன பிறகு வாசலுக்கு வந்து குரலெடுத்து அழுதிருக்கிறார். ஊர் கூடிவிட்டது. படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்ற பேச்சும் பரவிவிட்டது. மறுநாள் ஜோசியர் சதயம் என்று சொன்னபோது உயிர் போன இடத்தை மாற்றிச் சொல்ல வழியில்லை.

"வேற எடத்தைப் பூட்டிட்டோம்மா" என்றார் அத்தை. "அவங்க இங்கதான் இருக்காங்க. நான் உள்ள போனா கூப்புடுறாங்க."

ஓதம், காற்றோட்டம், பூஞ்சையின் ஸ்போர்கள் காற்றில் பரவும் விதம், எல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தன. ஒரு வகுப்பே எடுத்திருப்பேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் மாணவி இல்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதோடு, உண்மையைச் சொல்வதானால், அந்தச் சுவரில் நான் பார்த்ததற்கு என் பாடப் புத்தகத்தில் பதில் இல்லை. இப்போது பூட்டிவிடலாம் அத்தை என்று சொன்னேன்.

ஜோசியரைக் கேட்க முடியாது. கேட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். என் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. தண்ணீர் வரும் வால்வை அடைத்தோம். பக்கெட், செம்பு, சோப்பு டப்பா எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். அத்தை என்னைப் பரணில் ஏறச்சொல்லி ஒரு பையை எடுக்கவைத்தார். உள்ளே அந்தப் பீர்க்கங்கூடு இருந்தது. அதைக் கொண்டுபோய்க் குளியலறை மாடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்து, கதவைச் சாத்தி, பூட்டினார். தொட்டியடியில் நான் கீற்றால் ஒரு தடுப்பு கட்டவைத்து மேலே தகரம் போட்டேன். அங்கே வெந்நீரைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தால் அத்தை மறுபேச்சுப் பேசாமல் குளித்தார். அதற்கு முன்னால் நான் ஆயிரம் தடவை கெஞ்சியும் நடக்காதது. குழாய் உடைந்து கிடக்கிறது, ஆள் கிடைக்கவில்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தேன். பொய் சொன்னால் முட்டி போட வைக்கிற டீச்சர் நான்.

தினமும் சாயங்காலம் குளியலறைப் படியில் ஒரு அகல். பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர். பக்கத்து வீட்டுக்காரி வேலி வழியாகப் பார்த்துவிட்டு, என்னங்க டீச்சர் பாத்ரூமுக்கு விளக்கு வெக்கிறீங்க என்று கேட்டாள். தேள் நடமாட்டம் இருக்கிறது என்றேன். அவளும் அன்றைக்கே தன் வீட்டுப் பாத்ரூம் வாசலில் ஒரு விளக்கை வைத்துவிட்டாள். அத்தை பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தது அதற்குத்தான்.

ஆனால் விளக்கேற்றுகிற வேலை எனக்குப் பிடிக்கவில்லை. வயல் காற்று மேற்கிலிருந்து வரும். சுடர் கிழக்கே, வீட்டுப் பக்கம் சாய வேண்டும். அது கதவுப் பக்கம் சாய்ந்தது. கதவின் அடியில் இடைவெளி இருக்கிறது, மேலே ஃபேன் வைத்த ஓட்டை இருக்கிறது, காற்று உள்ளே இழுக்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். சரியான விளக்கம்தான். இழுத்த சுடர் கொஞ்சம் நின்று, மெல்ல நிமிர்ந்து, மறுபடி இழுபடும். யாரோ உள்ளே நிதானமாக மூச்சு விடுவது போல. அதைப் பார்க்காமல் இருக்க, ஏற்றியதும் திரும்பிவிடுவேன்.

மார்கழியில் ஒரு சாயங்காலம் விளக்கேற்றக் குனிந்திருந்தேன். உள்ளே செம்பு பக்கெட்டில் இடிக்கிற சத்தம் கேட்டது. ஒரே ஒரு தடவை. எலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே திரியைத் தூண்டிவிட்டேன். திரும்பிக் கூடத்துக்குள் நுழையும்போதுதான், பக்கெட்டும் செம்பும் தொட்டியடியில் இருப்பது நினைவுக்கு வந்தது. அத்தையிடம் சொல்லவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நான் உப்புப் போட மறந்துவிட்டதாக அத்தை சொன்னார்.

அந்த மழைக்காலத்தில் அத்தைக்கு இளைப்பு வரவில்லை. வெந்நீர் காரணமா, மனம் காரணமா என்று நான் ஆராயவில்லை.

சித்திரையில் திறந்தோம். நாங்கள் இரண்டு பேரும்தான். அத்தை கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைத்தார், நான் சாவியைத் திருப்பினேன். ஆறு மாதம் அடைத்துக் கிடந்த ஈர அறை, சுவரெல்லாம் கறுத்துக் கிடக்கும், அத்தை அதைப் பார்த்து என்ன ஆவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். உள்ளே சுவர் உலர்ந்து கிடந்தது. நான் சுரண்டிய இடத்தில் காரை தெரிந்தது. பூசணம் இல்லை, வாடை இல்லை. யோசித்தால் புரியும். ஆறு மாதம் ஒரு சொட்டுத் தண்ணீர் புழங்கவில்லை, வெளியே வயலும் அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கிறது, பூசணம் எதைக் குடித்து வாழும்? அத்தை போய் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, போய்ட்டாங்கம்மா என்றார். ஆமாம் அத்தை என்றேன்.

அன்று காலையிலேயே அங்கே வெந்நீரில் குளித்தார். உள்ளே செம்பு பக்கெட்டில் இடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்தத் தடவை அது யார் கைச் சத்தம் என்று தெரிந்ததால் வெளியே நின்று நிம்மதியாகக் கேட்டேன். மாடத்திலிருந்த பீர்க்கங்கூட்டை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இந்த ஐப்பசிக்கு நான் பயந்துகொண்டே இருந்தேன். வாய்க்காலில் தண்ணீர் வந்தது, வயலில் நடவு முடிந்தது, மழையும் வந்தது. அத்தை தினமும் உள்ளே குளித்துக்கொண்டிருந்தார், முகம் தெளிந்திருந்தது. ஒரு நாள் விடியற்காலையில் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். மேலண்டைச் சுவரில், கோடையில் புதிதாகப் பூசி மெழுகிய காரையின் மேல், மாவு தூவியது போல லேசாக வந்திருந்தது. தோள் அகலம் தெரிந்தது.

துடைத்துவிட்டேன். மறுநாள் மறுபடி இருந்தது, துடைத்தேன். அதன் பிறகு அது என் தினசரி வேலை ஆகிவிட்டது. அத்தை எழுவதற்கு முன்னால் எழுந்து, பிளீச்சிங் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, ஃபேனைப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வந்து காப்பி போடுவேன். அத்தைக்குத் தெரியக்கூடாது. மாமா போகவில்லை என்று தெரிந்தால் அத்தை மறுபடி தொட்டியடிக்குப் போய்விடுவார், அதோடு எல்லாம் முடிந்தது. முன்பு மாதிரி அழுத்தித் தேய்க்க எனக்குக் கை வரவில்லை. மேலிருந்து கீழாக, மெதுவாகத் துடைத்தேன். என்னை அறியாமல், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் மாமா என்று ஒரு நாள் சொல்லியும் விட்டேன். சொன்னபின் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

போன வாரம் பரீட்சைத் தாள் திருத்திய அலுப்பில் விடிந்தது தெரியாமல் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது அத்தையின் கட்டில் காலி. பதறிக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினேன். குளியலறைக் கதவு முழுக்கச் சாத்தியிருக்கவில்லை. உள்ளிருந்து ஆவி வந்தது. அத்தையின் குரலும் வந்தது.

சுவருக்கு முன்னால் மணையைப் போட்டு அத்தை உட்கார்ந்திருந்தார். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தார். கையில் அந்தப் பீர்க்கங்கூடு, அதில் சோப்பு நுரை. பூசணத்தை மேலிருந்து கீழாகத் தேய்த்தார். தோள் பக்கம் வட்டமாகத் தேய்த்தார். செம்பில் வெந்நீரை எடுத்து, சூடு பொறுக்குமா என்று புறங்கையில் விட்டுப் பார்த்து, சுவரில் மெல்ல ஊற்றினார். அவசரமே இல்லை. மூச்சு சீராக இருந்தது.

"அதான் வந்துட்டேன்ல" என்று சுவரிடம் சொன்னார்.

நான் சத்தம் போடாமல் பின்னால் நகர்ந்து அடுப்படிக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அத்தை தலையில் துண்டோடு வந்து உட்கார்ந்தார். காப்பியைக் கொடுத்தேன். இந்த வருஷம் வாடையே இல்லை, பார்த்தாயா என்றார். ஆமாம் அத்தை என்றேன்.

அதற்குப் பிறகு நான் அந்தச் சுவரைத் தொடுவதில்லை. அது என் வேலை இல்லை. காலையில் அடுப்பில் வெந்நீர் போடும்போது மட்டும் இரண்டு ஆளுக்காகப் போடுகிறேன்.